என் போனில் மட்டும் மஞ்சள்

புதிதாக ஐபோன் வாங்கியவனிடம் முதல் ஆறு மாதத்துக்கு எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அவன் தன் புத்தியில் இருப்பதில்லை. யார் எதைச் சொன்னாலும், "உங்க போன்ல அது வராதே" என்று இரக்கத்தோடு ஒரு புன்னகை செய்வான். எனக்கும் அப்படி ஒரு காலம் வாய்த்தது. என் கெட்ட நேரம், அதற்குள் என் கல்யாணமும் வந்துவிட்டது.

அப்போது நான் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் அவரவர் ஐபோனை மேஜைமேல் வைப்பார்கள். நடுவில் என் ஆண்ட்ராய்டு, சம்பந்தி வீட்டு விருந்துக்குப் பனியனோடு வந்து உட்கார்ந்தவனைப் போலக் கிடக்கும். எத்தனை நாள்தான் பொறுப்பது? தவணையில் ஒன்றை வாங்கினேன். வாங்கிய வாரமே ஊருக்குக் கிளம்பினேன். (ஊரில் காட்டாவிட்டால் வாங்கி என்ன பிரயோசனம்?)

எங்கள் ஊர் சிவகாசி. அப்பா சின்னதாக ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். தீபாவளி சீசனில் பட்டாசுப் பெட்டி லேபிள், மற்ற நாளில் கல்யாணப் பத்திரிகை. பிரஸ்ஸுக்குப் பின்னாலேயே வீடு. அங்கே போய் இறங்கியதும் முதல் அவமானம் சார்ஜரில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் ஒற்றைச் சார்ஜர் அம்மா போனுக்குப் பொருந்தும், மிஷின்மேன் பாண்டி அண்ணன் போனுக்குப் பொருந்தும், எதிர்வீட்டு டீச்சர் கரண்ட் போன நேரத்தில் கொண்டுவருகிற போனுக்கும் பொருந்தும். என் போனுக்கு மட்டும் பொருந்தவில்லை. நான் என்னுடைய சார்ஜரைச் சென்னையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

"இம்புட்டு வெல குடுத்து வாங்கிருக்க, வெளிய ஒரு வாய் கஞ்சி குடிக்காதாலே அது?" என்றார் அம்மா.

அம்மா தன் போனிலிருந்து மாரியம்மன் பாட்டுகளை ப்ளூடூத்தில் எனக்கு அனுப்பப் பார்த்தார். போகவில்லை. ஆண்ட்ராய்டில் திரும்பிப் போக ஒரு பட்டன் இருக்கும் இல்லையா, அந்தப் பட்டன் இல்லாத இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி நான் ஒரு வாரம் தவித்தேன். பாண்டி அண்ணன் போன், பேசுகிற பேச்சையெல்லாம் தானாகவே பதிவு செய்துவைக்கும். "பார்ட்டி நாளைக்கு மாத்திப் பேசுனா காட்டணும்ல தம்பி. ஒங்க போன்ல வருமா?" என்று கேட்டார். வராது. வராததையும் பெருமையாக மாற்றும் கலை எனக்குக் கைவந்திருந்தது. "அது பிரைவசிண்ணே. உங்களுக்குப் புரியாது" என்றேன். அவரும் புரியாதவர் மாதிரியே தலையாட்டினார்.

அப்பா இந்தப் போட்டியிலேயே இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். பேசும், டார்ச் அடிக்கும். அதற்குமேல் ஒரு போன் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த நிலையில்தான் சாத்தூரில் எனக்கு நிச்சயம் நடந்தது. பெண் பெயர் மாரீஸ்வரி. மாமா, அதாவது அவளுடைய அப்பா, பட்டாசு ஆலை நடத்துகிறவர். பல வருடமாக அவருடைய பெட்டி லேபிள் எங்கள் பிரஸ்ஸில்தான் அச்சாகிறது. லேபிள் வாங்க வந்த இடத்தில் பேச்சு வளர்ந்து மாப்பிள்ளையையும் எடுத்துக்கொண்டார். மாரீஸ்வரி ஆலையின் ஆபீசில் ஆர்டர், கணக்கு எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். நிச்சயத்தன்று நான் தலையை நிமிர்த்தவே இல்லை. (வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?) சென்னை திரும்பியபின் தினமும் போனில் நிச்சயப் படங்களைப் பார்த்துப் பார்த்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில். அதற்கு முன்னால் ஆடி வழிமறித்துக்கொண்டு நின்றது. ஆடி பிறந்துவிட்டால் பத்திரிகை கொடுக்க ஆரம்பிக்கக் கூடாது. ஆனால் ஆனியிலேயே முதல் பத்திரிகையை இருக்கன்குடி மாரியம்மன் பாதத்தில் வைத்துவிட்டால், ஆரம்பித்ததாகிவிடும். மிச்சத்தை ஆடியில் கொடுத்தால் குற்றமில்லை. இது சாஸ்திரத்தில் உள்ளதா, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து கண்டுபிடித்ததா என்று நான் கேட்கவில்லை. ஆக, ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பத்திரிகை அம்மன் முன்னால் இருந்தாக வேண்டும். தவறினால் ஆவணியில் பத்திரிகையும் தாலியும் ஒன்றாகத்தான் வந்து சேரும்.

பத்திரிகையின் நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஒரு மஞ்சளுக்குப் பெயர்போனவர். விரலி மஞ்சளை அம்மியில் அரைத்து வழித்தால் வருகிற மஞ்சள். மஞ்சள் மையில் துளித் துளியாகச் சிவப்பு சேர்த்துக் கையால் குழைத்து அதைக் கொண்டுவருவார். மதுரையிலிருந்தெல்லாம் ஆட்கள் அந்த மஞ்சளைக் கேட்டு வருவார்கள். சொந்த மகன் கல்யாணம் என்றால் கேட்க வேண்டுமா? முந்தின வாரமே மையைக் குழைத்து டப்பாவில் மூடி வைத்துவிட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"ஏலே, வியாழக்கெழம வந்து மிஷின் பக்கத்துல நின்னு ஷீட்டப் பாத்து ஓகே சொல்லிட்டுப் போ. பார்ட்டி ஓகே சொல்லாம நம்ம பிரஸ்ல மிஷின் ஓடாது. ஒன் கல்யாணத்துக்கு நீதான் பார்ட்டி."

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கே லீவு கெஞ்சி வாங்கியிருக்கேன்ப்பா. பாண்டி அண்ணனப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, பாத்துச் சொல்றேன்."

"போட்டோவுல கலரு தெரியுமாலே?"

"என் போன்ல தெரியும்ப்பா."

இந்த ஒரு வரியைச் சொல்லும்போது என் நெஞ்சு எவ்வளவு விரிந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அப்பா அரைமனதாகச் சரி என்றார். அவருக்கு வேறு வழியும் இல்லை. சீசன் நேரம், பேப்பர் எடுக்க வியாழக்கிழமை மதுரை போக வேண்டும், மறுநாள் அங்கிருந்தே பஸ்ஸில் இருக்கன்குடிக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. சனிக்கிழமையிலிருந்து மிஷினில் வரிசையாக லேபிள் லோடு. பத்திரிகைக்கு அந்த ஒரு வியாழக்கிழமைதான்.

வியாழன் காலை பாண்டி அண்ணன் முதல் ஷீட்டைப் போட்டோ எடுத்து, இரண்டு வீட்டாரும் இருக்கிற கல்யாண வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். திறந்து பார்த்தேன். திக்கென்றது. மஞ்சளாவது ஒன்றாவது! அசல் காவி. உடனே போன் செய்தேன்.

"என்னண்ணே, சாமியார் மடத்துப் பத்திரிகை மாதிரி இருக்கு? சிவப்பைக் குறைங்க."

"அப்பா குழைச்ச மை தம்பி..."

"அப்பாவுக்கு வயசாச்சுண்ணே."

(இந்த வசனத்தை அப்புறம் நான் திரும்பக் கேட்க நேர்ந்தது. அது வரும்.)

பாண்டி அண்ணன் டப்பாவிலிருந்து கொஞ்சம் மையைத் தனியே எடுத்து, மஞ்சளை அள்ளிப் போட்டுச் சிவப்பைக் குறைத்து இரண்டாவது ஷீட் எடுத்தார். இன்னும் காவி. மூன்றாவது ஷீட் மாம்பழம். அதற்குள் நான் யூடியூபில் நிறங்களைப் பற்றி ஒரு வீடியோ பார்த்து முடித்திருந்தேன். சிவப்பை அடக்க நீலத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டுமாம். "ஒரு பொட்டு நீலம் சேருங்கண்ணே" என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஆணையிட்டேன். எங்கள் பிரஸ்ஸின் சரித்திரத்தில் கல்யாண மஞ்சளுக்குள் நீலம் நுழைந்தது அன்றுதான். நான்காவது ஷீட் வந்தது. ஆகா! அம்மியில் அரைத்த விரலி மஞ்சள்! நான் மனதுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டேன்.

குரூப்பில் கருத்துகள் வந்தன. அம்மா, "நல்லாத்தான் இருக்கு" என்றார். சார்ஜ் இறங்கிவிடும் என்று அம்மா போனின் வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார். அதில் எதைக் காட்டினாலும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலத்தான் தெரியும். மாமாவின் போன் நேர் எதிர். பெரிய திரை, எல்லா நிறமும் திருவிழாச் சீரியல் செட் போல எரியும், தயிர்ச்சோறுகூட அதில் எலுமிச்சைச் சாதமாகத் தெரியும். "பளபளன்னு ஜோரா இருக்கு மாப்பிள" என்று குரல் அனுப்பினார். இருவருக்கும் நன்றி சொன்னேன். மாரீஸ்வரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளி மகளானாலும் அணைத்து, வாசலில் வாட்ச்மேன் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதுதான் எடுக்கலாம்.

மதியம் அழைத்தாள்.

"ஏங்க, கடைசிப் படம் பச்சையா இருக்கே, பாத்தீகளா?"

"பச்சையா? அசல் மஞ்சள்ல!"

"மொதப் படந்தாங்க மஞ்சளா இருந்துச்சு. இது எலுமிச்சங்கா மாதிரி இருக்கு. அடிக்க ஆரம்பிக்கலன்னா நிறுத்தச் சொல்லிருங்க."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு "சரி, கேட்கிறேன்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் குரலை இறக்கி, பாடம் நடத்துகிற வாத்தியார்போலச் சொன்னேன்:

"மாரீஸ்வரி, உங்க ஆண்ட்ராய்டுல அப்படித்தான் தெரியும். நிஜக் கலர் என் போன்லதான் இருக்கு."

"சரிங்க" என்றாள். எங்கள் பக்கத்துப் பெண்களின் "சரிங்க"வில் பல ரகம் உண்டு. இது எந்த ரகம் என்று கல்யாணமானவன் எவனும் சொல்லிவிடுவான். எனக்கு இன்னும் ஆகவில்லை. அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் வைத்ததும் பாண்டி அண்ணன். "தம்பி, நல்லாப் பாத்தீகளா? எனக்கென்னமோ பச்ச அடிக்கிற மாதிரி இருக்கு."

"நீங்க ட்யூப்லைட்ல பாக்கீக. ஓட்டுங்கண்ணே."

"அப்ப பார்ட்டி ஓகேதான?"

"ஓகே, ஓகே."

மிஷின் ஓடியது. பிரஸ்ஸில் மற்றவர்களும் பார்த்திருக்கிறார்கள். "மெட்ராஸ்ல இப்ப இதான் ஃபேஷன் போல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்களாம். அம்மாவும் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் பத்திரிகையை அம்மன் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று பழுப்புக் காகிதம் சுற்றிய கட்டை அப்படியே பிரஸ் வேனில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சாத்தூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாமா அனுப்பிய காரில் இருக்கன்குடி போய்ச் சேர்ந்தேன். அப்பா மதுரை பஸ்ஸிலிருந்து கசங்கிய வேட்டியோடு வந்திருந்தார். அம்மாவையும் கட்டையும் பாண்டி அண்ணன் வேனில் கொண்டுவந்திருந்தார். கோயில் மண்டபத்தில் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். மாரீஸ்வரி அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள். அன்றைக்கு நான் கடைசியாகப் பட்ட நிம்மதி அது.

அம்மா கட்டைப் பிரித்து முதல் பத்திரிகையை எடுத்து வெயிலில் நீட்டினார்.

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்து, வழக்கம்போல நாலு மூலையிலும் மஞ்சள் தடவக் கிண்ணத்தில் விரலை வைத்தார். முதல் மூலையில் அசல் மஞ்சள் பட்டதுதான் தாமதம், குட்டு வெளிப்பட்டது. அதுவரைக்கும் ஏதோ ஒரு மஞ்சள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நிஜ மஞ்சள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பத்திரிகை பச்சை என்றால் பச்சை. அதுவும் கிளிப்பச்சை, வாழையிலைப் பச்சை என்று பெயர் சொல்லக்கூடிய கௌரவமான பச்சை இல்லை. பித்தம் தலைக்கேறி வாந்தி எடுக்கப் போகிறவன் முகத்தில் தெரியுமே, அந்தப் பச்சை.

அப்பா பத்திரிகையை வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். அடியில் சின்ன எழுத்தில் எங்கள் பிரஸ் பெயர் இருந்தது. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

"ஏலே பாண்டி! கண்ண எங்கலே வச்சிருந்த?"

பாண்டி அண்ணன் பையிலிருந்து போனை எடுத்தார். தேடினார். ஒலியைக் கூட்டினார். அம்மன் சன்னிதிக்கு எதிரே என் குரல் கணீரென்று எழுந்தது: "சாமியார் மடத்துப் பத்திரிகை மாதிரி இருக்கு... அப்பாவுக்கு வயசாச்சுண்ணே... ஒரு பொட்டு நீலம் சேருங்கண்ணே... ஓட்டுங்கண்ணே... ஓகே, ஓகே."

பக்கத்தில் முடியிறக்க வந்திருந்த ஒரு குடும்பம், குழந்தையை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கியது. மாமா மாமியைப் பார்த்தார். மாமி கோபுரத்தைப் பார்த்தார். ஐபோனில் ஏன் இந்த வசதியை வைக்கவில்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. மனிதன்மேல் உள்ள கருணையால்தான் வைக்கவில்லை.

"ஊரு ஒலகத்துக்கே பத்திரிக அடிச்சு அனுப்புறோம்," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். "நம்ம வீட்டுப் பத்திரிகைய எவன் கையிலலே குடுப்பேன்?"

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. அழுகை வந்தது. அந்த நேரத்தில் ஒரு மனிதன் பேசாமல் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் போனை எடுத்தேன்.

"இருங்கப்பா, இங்கன பாருங்க, இது மஞ்சள்தான்!" என்று தாம்பாளத்தோடு சேர்த்துப் பத்திரிகையைப் படம் எடுத்துக் காட்டினேன். சத்தியமாக என் திரையில் பத்திரிகை நல்ல மஞ்சளாக இருந்தது. மூலையில் தடவிய மஞ்சள்தான் குங்குமம்போலச் சிவந்திருந்தது. அதோடு விட்டேனா? "ஆண்ட்ராய்டுல வேற மாதிரி..." என்று தொடங்கினேன். எதிரே இருந்தது எந்தக் கம்பெனியின் திரையும் இல்லை, ஆண்டவன் கொடுத்த வெயில் என்பது பாதி வாக்கியத்தில்தான் உறைத்தது.

மாரீஸ்வரி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க."

கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், பூசாரியின் வெள்ளை வேட்டியைப் பார்த்தாள், போனை வேட்டிக்கு நேராகப் பிடித்துத் திரையைப் பார்த்தாள். வேட்டி திரையில் மஞ்சளாக இருந்தது. வாழ்க்கையில் ஐபோனைத் தொட்டிராத பெண், விரலால் எதையோ மேலிருந்து இழுத்தாள், வெளிச்சத்தைக் காட்டும் கோட்டை அழுத்திப் பிடித்தாள், எதையோ தட்டினாள். திரையிலிருந்து ஒரு மஞ்சள் தோல் உரிந்துபோனதுபோல இருந்தது. கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தவன்போல நான் விழித்தேன். வேட்டி வெள்ளையாகிவிட்டது. பத்திரிகை பச்சையாகிவிட்டது.

"கண்ணு கூசாம இருக்க தெரைய மஞ்சளாக் காட்டுற வசதி. ராத்திரிக்கு மட்டும் போடுறது. எம் போன்லயும் உண்டு," என்றாள். "நீங்க பகலுக்கும் சேத்துப் போட்டு வச்சிருக்கீக."

நினைவு வந்துவிட்டது. போன் வாங்கிய நாளில் ஆபீஸ் நண்பன் ஒருவன், நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்றான். கண்ணைக் காப்பாற்ற அன்று போட்டதுதான். அதற்குப் பிறகு உலகத்தையே அந்த மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்பா குழைத்த நல்ல மஞ்சள் எனக்குக் காவியாகத் தெரிந்தது. எனக்கு மஞ்சளாகத் தெரிய வேண்டுமென்றால் பாவம், அது பச்சையாகத்தான் மாற வேண்டியிருந்தது.

மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். "காமாலக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளும்பாக. மாப்பிள போனுக்குல்ல காமால வந்துருக்கு!"

"கீழாநெல்லி அரச்சு ஊத்துங்க" என்றது முடியிறக்க வந்த குடும்பம். (அவர்களை யார் கேட்டது?) அம்மா சிரித்தார். பாண்டி அண்ணன் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாரீஸ்வரியும் சிரிக்கவில்லை. அவள் போனை இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.

"ஒண்ணு கேக்கேன்," என்றாள். "நிச்சயத்துக்கு நான் என்ன கலரு சேல கட்டியிருந்தேன்?"

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் பார்த்த படமல்லவா? "ஆரஞ்சு" என்றேன்.

அவள் போனிலேயே நிச்சயப் படத்தைத் தேடித் திறந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ரோஸ். தாமரைப்பூ ரோஸ். இத்தனை நாளும் நான் பார்த்துப் பார்த்து உருகிய பெண்ணை, நான் சரியாகப் பார்த்ததே இல்லை. "நான் அன்னைக்கு நிமிர்ந்தே பார்க்கல. படத்துலதான் பார்த்தேன். அது தப்புதான். நேத்து உங்ககிட்டப் பேசுனதும் தப்பு" என்று, பெரியவர்கள் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

அவள் போனை என் கையில் திருப்பி வைத்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாடா, கல்யாணம் நடக்கும் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஆனால் பத்திரிகை? ஆனியின் கடைசி வெள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. பூசாரி எட்டிப் பார்த்தார். "என்னங்க, வைக்கீகளா, இல்லையா?"

"நெறம் கொஞ்சம் பிசகிப்போச்சு சாமி" என்றார் அப்பா கூசிக்கொண்டு.

"மஞ்சத் தடவியாச்சுல்ல? வேப்பெலக்காரிக்குப் பச்ச ஆகாதுன்னு யாரு சொன்னா? குடுங்க" என்று பூசாரி அந்த ஒரு பத்திரிகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அம்மன் பாதத்தில் வைத்துவிட்டார். ஆடியிடமிருந்து தப்பித்தோம்.

மாமா அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நாளைக்கு மிஷின்ல யாரு லோடு?"

"ஒங்க லேபிள்தான். புஸ்வாணப் பெட்டி."

"அத எறக்கிட்டுப் பத்திரிகைய ஏத்துங்க."

"சீசன் நேரத்துலயா? வேண்டாம். ஒங்க பார்ட்டிகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிடுதேன். புஸ்வாணம் ரெண்டு நாளு பிந்தி எரிஞ்சா கெட்டுப்போகாது. ஒங்க பேரு போட்ட பத்திரிக மஞ்சளா இருக்கணும்."

அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் அவர் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது வந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு மிஷின் பக்கத்துல நிப்பல்லலே?" என்று மட்டும் கேட்டார். நிற்பேன் என்றேன். லீவைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

கிளம்பும்போது மாரீஸ்வரி கிண்ணத்தில் மீதியிருந்த மஞ்சளை ஒரு வெற்றிலையில் வழித்து மடித்துக் கொடுத்தாள். "ஷீட்டுக்குப் பக்கத்துல இத வச்சுப் பாத்து ஓகே சொல்லுங்க. இதுக்குச் சார்ஜ் போட வேண்டாம். போன் பிரஸ் வாசல்லயே இருக்கட்டும், எங்க ஆலையில மாதிரி."

சனிக்கிழமை அப்படியே செய்தேன். போனை வாசலில் வைத்துவிட்டு, அப்பா மூடி வைத்திருந்த டப்பாவைத் திறந்து, வெற்றிலையைப் பக்கத்தில் விரித்து, பகல் வெளிச்சத்தில் ஷீட்டைப் பார்த்தேன். முதல் ஷீட்டே மஞ்சள். "பார்ட்டி ஓகேவா?" என்று கேட்டார் பாண்டி அண்ணன். போனில் பதிவாகாத இடத்தில் நின்றுகொண்டு, ஓகே என்றேன்.

பச்சைப் பத்திரிகைகளை அப்பா எரிக்கவும் இல்லை, எடைக்குப் போடவும் இல்லை. ஒன்றைப் பாண்டி அண்ணன் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார். இன்றைக்கும் இருக்கிறது. வெளியூர்ப் பார்ட்டி யாராவது, "போட்டோ அனுப்புங்க, போன்லயே பாத்து ஓகே சொல்லிடறேன்" என்றால், அப்பா தானே போனை வாங்கிக் கதையை முதலிலிருந்து சொல்வார். தமிழ் தெரியாத பார்ட்டிகளுக்கும் சொல்வார். அவர்கள் அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள்.

இப்போது மாரீஸ்வரி கையில் ஐபோன், என் கையில் ஆண்ட்ராய்டு. எது உசத்தி என்று யாராவது விவாதம் தொடங்கினால் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

ஆனால் கல்யாண நாளன்று எங்கும் ஓட முடியாது. ஒவ்வொரு வருடமும் அன்று சாத்தூரில் சாப்பாடு. பந்தி பாதியில் மாமா ஆரம்பிப்பார்: "மாப்பிள, போனக் கீழ வச்சிட்டுச் சொல்லுங்க, எம் மக என்ன கலரு சேல?" வீடே கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருக்கும். என் மகள் நாற்காலிமேல் ஏறி நிற்பாள். இந்த வருடம் கத்தரிப்பூ நிறம். சரியாகச் சொன்னேன். பாண்டி அண்ணன்கூடக் கை தட்டினார்.

மாரீஸ்வரி மட்டும் சாம்பார் வாளியோடு என் முன்னால் வந்து நின்றாள். "அவசரத்துல சொல்லாதீக. இன்னொரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். அவள் வருடா வருடம் இப்படித்தான் சொல்கிறாள், நான் சரியாகச் சொன்னாலும் சொல்கிறாள். நானும் இலையை விட்டு நிமிர்ந்து, இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தேன்.